அடிக்கிற பெஞ்சு

என் பெஞ்சு முதலில் ஒரு கதவாக இருந்தது. பாகூரில் பழைய வீடு ஒன்றை இடித்தபோது, விறகுக்குப் போகவிருந்த ஒற்றைக் கதவைக் கேட்டு வாங்கி வந்து, நாலு கால் அடித்து நிறுத்தினேன். ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம், அந்த நீளம். சாவித் துவாரத்தில் இரும்புத் தூள் போய்த் தங்குமே என்று அரக்கை உருக்கி ஊற்றி அடைத்தேன். தாழ்ப்பாள் இருந்த பள்ளத்தையும் அடைத்தேன். அதன் பிறகும் காலையில் எழுந்ததும் விரலால் தடவிப் பார்ப்பேன், அரக்கு விட்டுப்போயிருக்குமோ என்று. விட்டுப்போயிருக்காது. மறுநாளும் தடவிப் பார்ப்பேன்.

பாகூருக்கும் தவளக்குப்பத்துக்கும் நடுவில் ரோட்டோரம் என் கடை. தண்ணீர் இறைக்கிற மோட்டார் எரிந்துபோனால், உள்ளே இருக்கிற கம்பிச் சுருளைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டித் தருவது தொழில். காயில் கட்டுவது என்பார்கள். எழுபதுகளில் எங்கள் பக்கம் கிணற்றுக்குக் கிணறு கரண்ட் வந்துவிட்டது. வந்த கரண்ட் ஒழுங்காக வரவில்லை. மூன்று கம்பியில் ஒன்று செத்துப்போகும், மோட்டார் முனகும், கொஞ்ச நேரத்தில் புகையும். அதனால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. முன்பக்கம் பலகைக் கதவு, பின்பக்கம் நான் படுக்கிற இடம், நடுவில் பெஞ்சு. அவ்வளவுதான் கடை, அவ்வளவுதான் வீடு. கல்யாணம் ஆகவில்லை. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, கடலூரில் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டு, யாரையும் தெரியாத இந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தவன்.

காயில் கட்டுகிற செப்புக் கம்பிக்கு மேலே வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு தோல் உண்டு. அந்தத் தோல்தான் மோட்டாரின் உயிர். பெஞ்சில் கிடக்கிற ஒரு பொட்டு இரும்புத் தூள் கம்பிகளுக்கு நடுவே போய்விட்டால் போதும். மோட்டார் ஓடும்போது நடுங்கும். நடுங்க நடுங்க அந்தத் தூள் தோலை அரிக்கும். ஒரு நாள், எல்லாம் போச்சு. கடை வைத்த புதிதில் அப்படி ஒரு மோட்டார் எரிந்து திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே மீன் செதில் மாதிரி ஒரு இரும்புச் சீவல். யாரோ பெஞ்சின் மேல் வைத்து எதையோ அரம் போட்டிருக்கிறார்கள். மோட்டாரின் சொந்தக்காரர் கோபப்படவில்லை. "இன்னாபா, நாத்தெல்லாம் காஞ்சிப் போச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தப் பெஞ்சைக் காப்பாற்றுவதே வேலையாகிப் போனது. எங்கள் ஊரில் தட்டையாக, இடுப்பு உயரத்தில் ஒன்று இருந்தால் அதன் மேல் எதையாவது வைக்காமல் யாருக்கும் கை நிற்காது. சேறு சொட்டச் சொட்ட மோட்டாரைத் தூக்கி வந்து 'தொம்'மென்று வைப்பார்கள். டீக்கடைக்காரர் கிளாஸை வைத்து வட்டம் போடுவார். பால்காரம்மா மழை வந்தால் பால் கேனை அதன்மேல் ஏற்றிவிட்டு, சேலைத் தலைப்பையும் அங்கேயே பிழிவாள். எலெக்‌ஷன் வந்தபோது ஒருவர் பசை வாளியையே வைத்துவிட்டு, "ஒரு நிமிசம்பா, அந்தச் செவுத்துல ஒண்ணே ஒண்ணு ஒட்டிட்டு வந்துடறேன்" என்று போனார். சாயந்திரம்தான் வந்தார்.

நான் யோசித்து, பழப்பெட்டிப் பலகையில் இன்னொரு மேசை செய்தேன். முழங்கால் உயரம். அழுக்கு வேலையெல்லாம் அதில், கம்பி கட்டுவது மட்டும் பெஞ்சில். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒருத்தரும் அதில் வைக்கவில்லை. கரும்பு போட்டிருந்த ஒருவர், பெரிய நிலக்காரர், மோட்டாரோடு வந்தார்.

"இதுல வைங்க."

"ஏன், அதுல வச்சா இன்னா?"

"அது சுத்தமான வேலைக்குங்க. இது அழுக்குக்கு."

"அப்ப என் மோட்டாரு அழுக்கு. மத்தவனுது சுத்தம். அப்படித்தான?"

"எல்லாருக்கும் இதுதாங்க."

"எல்லாருக்கும் இதுன்னா ஏன் காலியா இருக்கு? இதுல ஒருத்தன் மோட்டாரையும் காணோமே."

அவர் பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். தாழ்ந்த மேசையில் வைத்தால் தாழ்ந்துபோவதாக அவர்கள் நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்த மேசையில் பிறகு நான்தான் சாப்பிட்டேன்.

இவர்கள் எல்லாம் வந்து போகிறவர்கள். வந்து உட்காருகிறவர் ஒருவர்தான். எதிர்ச்சாரியில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்த பாய். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். மத்தியானத் தொழுகை முடிந்து, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ரோட்டைத் தாண்டி வருவார். கம்பி சுற்றி வருகிற காலி மர உருளை ஒன்றைப் பெஞ்சின் கோடியில் போட்டு வைத்திருந்தேன். அதில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். நான் கம்பி சுற்றுவேன். எண்ணிக்கை தவறிவிடும் என்று நான் வாயைத் திறக்காத நேரத்தில் அவர் பேசுவார். சுற்றி முடித்ததும் நான் பேசுவேன். மனுஷனிடம் பேசுவதே எனக்கு அந்த நேரத்தில்தான்.

அவரிடம் ஒரே ஒரு பழக்கம். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிய பிறகு விரலில் மிச்சமிருப்பதைப் பெஞ்சின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். பார்த்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். சுண்ணாம்பு ஈரத்தை இழுக்கும், உதிர்ந்து கம்பியில் ஒட்டும், தோலைத் தின்னும் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சொன்னால் வருவதை நிறுத்திவிடுவாரோ என்றும் ஓடும். அவர் ரோட்டைத் தாண்டுகிற வரைக்கும் பொறுத்திருந்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைப்பேன். மறுநாள் அதே இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழும்.

ஒரு நாள் நான் ஒரு மோட்டாரை டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வயலிலிருந்து ஈரக் கையோடு வந்த ஒருவர் பெஞ்சில் ஊன்றினார். அப்போது மோட்டாரின் கூட்டில் கொஞ்சம் கரண்ட் கசிந்திருக்கிறது. பெஞ்சும் ஈரமாக இருந்திருக்க வேண்டும். சுரீரென்று லேசாக இழுத்திருக்கிறது. "அய்யய்யோ, அடிக்குதுடா" என்று கையை உதறினார்.

அந்த நேரத்தில் என் வாயில் வந்தது இதுதான்: "ஆமாங்க. அந்தப் பெஞ்சு அடிக்கும். அதனாலதான் தொடாதீங்கன்னு சொல்றேன்."

பாய் உருளையிலிருந்து எழுந்துவிட்டார். அவர் கையும் பெஞ்சில்தான் இருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் எழுந்துவிட்டார்.

இரண்டு சந்தை கூடுவதற்குள் செய்தி சுற்றுவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. 'காயில் கடை' என்று சொன்னவர்கள் 'அடிக்கிற பெஞ்சுக் கடை' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மோட்டாரை வாசலிலேயே கோணியின் மேல் இறக்கினார்கள். டீக்கடைக்காரர் கிளாஸைப் பலகைக்கு வெளியே தரையில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார். பால்காரம்மா கேனைத் தலையிலேயே வைத்துக்கொண்டு மழையில் நின்றாள். பெஞ்சு கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த வருஷம் நான் கட்டிக் கொடுத்த மோட்டாரில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

பாயும் வாசலோடு நின்றுகொண்டார். முதலில் சில நாள், "இன்னா தம்பி, சாப்ட்டியா" என்று நின்றபடியே பேசினார். நின்றபடி எவ்வளவு நேரம் பேச முடியும். பிறகு தன் கடையிலிருந்தே கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். நடுவில் பஸ் போனால் அதுவும் தெரியாது.

அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தேன். சொன்னால் கடைக்கு வருகிறவர்களிடம் சிரிப்பாக ஒரு வார்த்தை சொல்லுவார். அது பால்காரம்மா காதுக்குப் போகும். மறுநாள் பால் கேன் பெஞ்சின் மேல் இருக்கும். அதற்கு மறுநாள் யாராவது அரம் போடுவார்கள். யாருடைய நாற்றாவது காயும். இப்படியே நினைத்து, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன். அந்த மர உருளை காலியாகவே கிடந்தது. அதில் என் சட்டையைப் போட்டு வைத்தேன், பார்ப்பதற்கு ஏதோ இருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று.

இப்படி இருக்கும்போது ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. காயில் கட்டி முடித்த மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றி நன்றாகக் காய வைக்க வேண்டும். வெயில் இல்லாவிட்டால் கூட்டுக்குள்ளே பெரிய பல்பு ஒன்றை எரியவிட்டு, அந்தச் சூட்டிலேயே காய வைப்போம். அப்போது கையில் மூன்று மோட்டார். மூன்றையும் பெஞ்சில் வரிசையாகக் கிடத்தி, மூன்றுக்குள்ளும் பல்பு போட்டேன். ஆனால் மழைக்காலத்தில் விளக்கைக் கண்டால் ஈசல் வந்து மொய்த்து, ஈர வார்னிஷில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். அதற்காக மூங்கில் பத்தைகளை வளைத்துக் கூரை மாதிரி கட்டி, துவைத்து வைத்திருந்த என் எட்டு முழ வெள்ளை வேட்டியைத் தலையிலிருந்து கால்வரைக்கும் போர்த்தினேன். எனக்கு அது ஈசலுக்குப் போட்ட துணி, அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் ஒருவர் வந்து, தன் கொல்லையில் மோட்டார் சத்தம் மாறியிருக்கிறது, வந்து கேட்டுவிட்டுப் போ என்றார். வழியெல்லாம் சேறு. செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டு, மழைக்குக் கோணிப்பையை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு அவரோடு நடந்தேன். வார்னிஷ் வாடை வெளியேறட்டும் என்று இரண்டு பலகையைத் திறந்தே வைத்தேன். அடிக்கிற பெஞ்சு இருக்கிற கடையில் யார் நுழையப் போகிறார்கள். ஆனாலும் பாதி வழியில் நின்று, பலகையைச் சரியாகச் சாய்த்தோமா என்று யோசித்தேன்.

அந்த வேலை முடிய நேரமாகிவிட்டது. திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே தெரிந்தது, என் கடை வாசலில் கூட்டம். கடை பற்றிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பல்பு வேட்டியில் பட்டுவிட்டது, மூன்று மோட்டாரும் போச்சு. ஓடினேன். புகை இல்லை. கூட்டத்தின் பின்னால் போய், முன்னால் நின்றவரின் முதுகைத் தொட்டேன்.

"இன்னாங்க ஆச்சு?"

அவர் திரும்பாமலேயே சொன்னார். "காயில் கட்றவன் போயிட்டான்பா. கரண்ட் அடிச்சிட்டுது."

எக்கிப் பார்த்தேன். வெளியே மழை இருட்டு. உள்ளே பெஞ்சின் மேல் வெள்ளைத் துணி போர்த்தி ஒருவன் கிடந்தான். தலை, வயிறு, கால் என்று மூன்று மேடு. துணிக்குள்ளிருந்து மஞ்சளாக வெளிச்சம். கீழே என் செருப்பு ஜோடியாக. உருளையில் என் சட்டை. துணிக்குள் போகிற ஒயரும் தெரிந்தது. உண்மையைச் சொல்வதானால், அது நான் இல்லை என்று உறுதியாகத் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உடனே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இத்தனை பேர் என் வாசலில் கூடி நான் பார்த்ததில்லை.

பால்காரம்மாதான் முதலில் பார்த்திருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரெண்டு வாட்டி கூப்ட்டேன். பேச்சில்ல. குனிஞ்சி பாத்தா இந்தக் கோலம். தொடலாம்னா அந்தப் பாழாப்போன பெஞ்சு."

"கிட்டப் போவாத. இன்னும் கரண்ட் இருக்கு, வெளிச்சம் தெரியுது பாரு," என்றார் டீக்கடைக்காரர். "ஆள் போயிருக்கு பாகூருக்கு. லைன் ஆப் பண்ணாத்தான் தொடலாம்."

"எத்தினி வாட்டி சொன்னான், தொடாதீங்க தொடாதீங்கன்னு. கடசில அவனயே அடிச்சிடுச்சி."

"துணிய யாரு போத்தினது?"

"அவனேதான் குளுருக்குப் போத்திக்கினு படுத்திருப்பான். பெஞ்சுல படுத்தா அடிக்காம இன்னா பண்ணும்."

கரும்புக்காரரும் வந்திருந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், மரியாதையாக. "பாவம்தான். எம் மோட்டாரு உள்ள கீது. முடிச்சிட்டானா இல்லியான்னு யாரக் கேக்கறது?"

"உள்ள போயி அவனயே கேளு," என்றார் டீக்கடைக்காரர்.

யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

"சரி, சொல்லியனுப்ப வேணாமா? யாருக்குச் சொல்றது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எந்த ஊரு அவனுக்கு?"

"கடலூருபா. அங்கதான் தொழில் பண்ணான்."

"தொழில் பண்ணது கடலூரு. சொந்த ஊரு?"

"விழுப்புரம் பக்கமோ என்னமோ."

"மேரியில சாவு எழுதணுமே," என்றார் ஒரு வயசாளி. பிறப்பு இறப்பு பதிகிற கொம்யூன் ஆபீஸைப் புதுச்சேரியில் பழைய ஆட்கள் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள். "அப்பன் பேரு கேப்பான். அப்பன் பேரு யாருக்காவது தெரியுமா?"

"பேர விடு. எரிக்கிறதா, பொதைக்கிறதா? அது தெரிஞ்சாத்தான ஆளச் சொல்ல முடியும்."

"கோயிலுக்குப் போய் பாத்ததில்ல."

"சர்ச்சுக்கும் போவலியே."

கோணிக்குள்ளே மழைத்தண்ணீர் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை வருஷம் நான் அவர்களுக்கு நடுவில் இருந்திருக்கிறேன். இந்த வாசலில் நிற்கிறவர்களில் பாதிப்பேருடைய கிணற்று ஆழம் எனக்குத் தெரியும். என்னை எரிப்பதா புதைப்பதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள்மேல் வருத்தப்பட ஒன்றும் இல்லை. நான் வாசலிலேயே நிறுத்தி வைத்தவர்களுக்கு என்னைப் பற்றி என்ன தெரியும்.

அப்போது பாய் ரோட்டைத் தாண்டி வந்தார். குடை இல்லை. நியூஸ் பேப்பரில் சுற்றிய ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். பேப்பர் நனைந்து, உள்ளே புதுத் துணியின் வெள்ளை தெரிந்தது. தன் கடையில் கிழித்து எடுத்து வந்திருக்கிறார், எனக்குப் போர்த்த.

"பாய், உங்களுக்குத் தெரியுமா, இவன் எந்த ஊரு?"

"மண்ணாடிப்பட்டு," என்றார் பாய். யோசிக்கவே இல்லை. "அக்கா ஒண்ணு இருக்கு. சுத்துக்கேணியில குடுத்திருக்கு. ரெண்டும் பேசிக்கிறதில்ல. ஆனா சொல்லியனுப்பிச்சா வந்துடும். எரிக்கிறதுதான். அவங்கம்மாவ எரிக்கிறப்ப மழ புடிச்சிக்கிச்சாம். வெறகு பத்தாம ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்தானாம். சொல்லியிருக்கான்." மழையைப் பார்த்தார். "காஞ்ச வெறகா சொல்லுங்க. இவனுக்கும் அப்படி ஆவக்கூடாது."

அந்த விறகுக் கதையை நான் எப்போது சொன்னேன் என்றுகூட எனக்கு நினைவில்லை. ஏதோ ஒரு மத்தியானம், கம்பி சுற்றி முடித்துவிட்டு, அவர் உருளையில் உட்கார்ந்து வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது சொல்லியிருப்பேன். என்னைப் பற்றி இந்த ஊரில் தெரிந்ததெல்லாம் அந்தப் பெஞ்சில் வைத்துச் சொன்னதுதான். பெஞ்சு அடிக்க ஆரம்பித்த பிறகு யாருக்கும் எதுவும் தெரியாது.

"அப்பன் பேரு, பாய்?"

"அது சொன்னதில்ல." துணியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "நானும் கேட்டதில்ல," என்றார்.

பிறகு அவர் பலகையைத் தாண்டி உள்ளே கால் வைத்தார். எல்லோரும் ஒரே குரலாக, "பாய், வேணாம் பாய், லைன் ஆப் ஆவட்டும்" என்றார்கள். அவர் குனிந்து பெஞ்சுக்கு அடியில் இருந்த என் செருப்பை எடுத்தார்.

"இது ரப்பர்தான? ரப்பர்ல கரண்டு ஏறாதுன்னு அவன்தான் சொன்னான்."

தன் செருப்பைக் கழற்றிவிட்டு என் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் கால் பெரியது. குதிகால் வெளியே நின்றது. வாய்க்குள் ஏதோ ஓதினார். வேட்டியின் நுனியை நோக்கிக் கையை நீட்டினார். அடிக்கும் என்று முழுசாக நம்பிக்கொண்டுதான் நீட்டினார்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே பாய்ந்தேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை. என் வாயிலிருந்து வந்தது, "தொடாதீங்க பாய், வார்னிஷ் ஈரம்."

யாரோ என் தலையிலிருந்த கோணியைப் பிடுங்கினார்கள். பால்காரம்மா கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, பொளேரென்று முதுகில் ஒன்று வைத்தாள். "எம்மா நேரமாடா பின்னால நின்னுக்கினு இருந்த? நான் அழுவறதப் பாத்துக்கினு?"

"அப்ப உள்ள கெடக்கறது யாரு?" என்றார் கரும்புக்காரர்.

வேட்டியை எடுத்தேன். மூன்று மோட்டார், மூன்று பல்பு. அவருடையது நடுவில் இருந்தது, வயிறு மாதிரி. டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. உருளையில் இருந்த என் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நீட்டின கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "பாய், இந்தப் பெஞ்சு அடிக்காது," என்றேன். "அன்னிக்கு ஒரு வாட்டி லேசா இழுத்துச்சி. அதோட சரி. யாரும் எதையும் மேல வைக்கக்கூடாதுன்னு நான்தான் அப்படிச் சொல்லி வச்சேன்." எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். ஈரக் கை இரண்டையும் பெஞ்சில் விரித்து வைத்துக் காட்டினேன். "பாருங்க. அடிக்கல."

கூட்டம் பார்த்தது. டீக்கடைக்காரர் தலையை ஆட்டினார். "ஒனக்குப் பழகிப்போச்சிடா. ஒனக்கு அடிக்காது."

"அதான். கரண்டுலயே இருக்கறவனுக்கு ஒடம்பு ஒத்துக்கும்."

"பொய் சொல்லிட்டேன்னு சொல்றேனே, கேளுங்க."

"அதெல்லாம் சும்மா, பாய்க்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றான்," என்றாள் பால்காரம்மா. கேனைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். வயசாளி பாகூருக்குப் போன ஆளைத் திருப்பிக் கூப்பிட இன்னொரு ஆளை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் வாசல் காலியாகிவிட்டது.

பாய் மட்டும் இருந்தார்.

"நெசமாவே அடிக்காதா?"

"அடிக்காது பாய்."

"இத்தினி நாளும்?"

"இத்தினி நாளும்."

அவர் எழுந்து செருப்பை மாற்றிக்கொண்டார். கோபமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நனைந்த பேப்பரை உரித்துப் போட்டுவிட்டு, அந்தத் துணியை மடிப்புக் கலையாமல் உருளையின் மேல் வைத்தார்.

"இது இனிமே கடைக்கு ஆவாது. எதுக்குக் கிழிச்சதுன்னு எனக்குத் தெரியுமே. வச்சிக்க. ஒம் பெஞ்சுக்கே போத்து."

நான் அதைத்தான் போர்த்தினேன். வேலை முடிந்ததும் சாயந்திரம் பெஞ்சைத் துடைத்துவிட்டு, அந்தத் துணியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைப்பேன். நல்ல கெட்டித் துணி. துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆனதே தவிரக் கிழியவில்லை. என் நீளத்துக்குக் கிழித்தது, அளவெடுத்தாற்போல் பெஞ்சுக்குச் சரியாக இருந்தது. போர்த்திவிட்டு அதன் பக்கத்தில் கீழே கோரைப்பாயை விரித்துப் படுத்துக்கொள்வேன்.

ஊரில் யாரும் நான் சொன்னதை நம்பவில்லை, கடைசிவரை. மோட்டார் வாசலோடு இறங்கியது. டீ தரையில் வந்தது. ஒரு முறை நானே கிளாஸை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு குடித்தேன், வாசலில் நிற்கிறவர் பார்க்கட்டும் என்று. அவர் பார்த்தார். "எனக்கே கை கூசுதுபா," என்று இன்னும் ஒரு அடி தள்ளி நின்றார். பெஞ்சில் ஒரு கீறல் விழவில்லை.

பாய் அந்த மழைக்காலம் முழுக்க வரவில்லை. கையைத் தூக்கினால் தூக்குவார். தை பிறந்து வெயில் வந்த பிறகு ஒரு மத்தியானம் ரோட்டைத் தாண்டி வந்து, எதுவும் நடக்காத மாதிரி உருளையில் உட்கார்ந்தார். அவர் உட்காருவதற்குள் அதில் கிடந்த சட்டையை அவசரமாக எடுத்திருந்தேன். என் கையில் கம்பி இருந்தது, எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

"எங்கப்பா பேரு..." என்று ஆரம்பித்துச் சொன்னேன்.

"சரி," என்றார் அவர். "ஞாபகம் வச்சிக்கறேன்."

வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவினார். மிச்சம் விரல் நுனியில் நின்றது. கை பழக்கத்தில் பெஞ்சின் ஓரத்துக்குப் போயிற்று, பாதியில் நின்றது. விரலை மட்டும் தனியாக மேலே தூக்கி வைத்துக்கொண்டார். அப்படியே பேசினார், அப்படியே சிரித்தார். போகும்போது ரோட்டோரத்துப் புளியமரத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் தன் கடைக்குப் போனார்.

"இங்கயே தொடச்சிடுங்க பாய், பரவால்ல" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "வேல செய்யற எடம்டா" என்றார். அதற்கப்புறம் வந்ததெல்லாம் எப்போதாவதுதான், வந்தபோதெல்லாம் அந்த விரல் தூக்கியபடிதான். புளியமரத்தில் ஆள் உயரத்துக்கு வெள்ளைக் கோடுகள் சேர்ந்துகொண்டே போயின.

அவர் ரோட்டைத் தாண்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். சுத்தமாக இருக்கும்.